கட்டெறும்பு மூன்று

மார்ச் 4, செவ்வாய்

அக்காவுக்கு,

எப்போதும் 'அன்புள்ள' என்று போட்டுத்தான் உனக்கு எழுதுவேன். இன்றைக்கு அந்தச் சொல்லுக்குக் கை வரவில்லை. உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்துவிட்டேன். போனில் பேசினால் நீ பேசியே என்னைக் கவிழ்த்துவிடுவாய், சின்ன வயதிலிருந்து அதுதான் நடக்கிறது. கடிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே வாய் திறக்க முடியாது.

நேற்று நீ கூப்பிட்டுத்தான் வந்தேன். "உன் பொண்ணோட நரம்புச் செல்லு மினுக் மினுக்னு மின்னுறதை ஒரு தடவை நீ கண்ணால பாக்கணும்டி. வந்தே ஆகணும்" என்றாய். லைசென்ஸ் தேர்வுக்குப் போகவேண்டிய ஆட்களை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு, மகளை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, டிரைவிங் ஸ்கூல் காரையே எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். மூன்று வருடம் முன்பு அவள் கையிலிருந்து கடுகளவு தோலை எடுத்தாய். அதை நரம்புச் செல்லாக மாற்றி வளர்க்கப் போகிறேன் என்றாய். அதைப் பார்க்கத்தான் இருப்பதில் நல்ல உடையாக உடுத்திக்கொண்டு வந்தேன், பெண் பார்க்கப் போகிறவள் மாதிரி.

உன் அறைக்கு வெளியே, அந்தப் பெரிய பெரிய உறைபெட்டிகள் உறுமுகிற தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் கையில் தட்டோடு வந்து உன் கதவருகே நின்றாள்.

"மேடம், கட்டெறும்பு மூணுல பூஞ்சை பிடிச்சிருச்சு."

"கொன்னு குப்பையில போடு."

"நாலும் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருக்கு."

"அப்ப அதையும் கொன்னுடு. பக்கத்துல இருக்கிறதுக்குத் தொத்திடப் போகுது."

"இந்தக் கட்டெறும்பு எப்பவுமே நோஞ்சான்தான் மேடம்" என்று அவள் சிரித்தாள். நீயும் சிரித்தாய். உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?

கட்டெறும்பு என் மகள், அக்கா. எட்டு வயது. இரண்டு வயதில் நாலைந்து வார்த்தை பேசிக்கொண்டிருந்தவள் அதையும் மறந்துவிட்டு, இன்றைக்கு வரைக்கும் 'அம்மா' என்று சொல்லாதவள். பிறந்த அன்றைக்கு உன் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாளே, அப்போது அந்தப் பெயரை வைத்தவளே நீதான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கொல், குப்பையில் போடு என்கிறாய். அதையும் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்கிறாய்.

அப்படியே படியிறங்கி வந்துவிட்டேன். காரில் உட்கார்ந்து வெகுநேரம் சாவியைத் திருப்பவில்லை. கோபத்தோடு வண்டி எடுக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

நான் கையெழுத்துப் போட்ட சம்மதத் தாளில், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று இருக்கிறது. திரும்பப் பெறுகிறேன். அவளிலிருந்து எடுத்து நீ வளர்க்கிற எல்லாவற்றையும் அழித்துவிடு. அதில்தான் நீ கைதேர்ந்தவளாயிற்றே.

உன் தங்கை


மார்ச் 8, சனி

என் முசுட்டுத் தங்கைக்கு,

உறையைப் பிரிக்கும்போதே கை சுட்டது. படித்தேன். திரும்பவும் படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது, இரண்டாவது தடவை கோபம் வந்தது. இது கோபத்தில் எழுதுவது.

ஆய்வகத்தில் ஒவ்வொரு செல் வரிசைக்கும் எண் உண்டு. நீளமான எண். அவசரத்தில் ஒன்றுக்கு ஒன்று மாறிப்போனால் பல மாத உழைப்பு மண்ணாகிவிடும். அதனால் எல்லா ஆய்வகத்திலும் செல்லுக்குச் செல்லப்பெயர் வைப்பார்கள். நோய் இல்லாத ஒருவரின் செல்லுக்கு எங்களிடம் 'வாத்தியார்' என்று பெயர், ஒழுங்காக இருக்குமாம். மெதுவாக வளர்கிற இன்னொன்று 'சோம்பேறி'. உன் மகளின் செல் வந்தபோது நான்தான் மூடிமேல் 'கட்டெறும்பு' என்று எழுதினேன். தினமும் காலையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும் என்றுதான் எழுதினேன். பூஞ்சை பிடித்த தட்டை மருந்து ஊற்றி அழிக்காவிட்டால் மொத்தமும் போகும். மூன்றும் நாலும் போனதால்தான் மற்றவை பிழைத்தன. இதில் என்ன குற்றம் கண்டாய்?

நீ எதைப் பார்க்காமல் படியிறங்கினாய் என்று சொல்கிறேன், கேள். ஒரு நரம்புச் செல் இன்னொரு நரம்புச் செல்லிடம் சேதி சொல்ல வேண்டுமென்றால், இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு மிகச் சிறிய இடைவெளி இருக்கும். இந்தப் பக்கத்துச் செல் அந்த இடைவெளியில் சேதியைத் தூவும். அந்தப் பக்கத்துச் செல்லின் விளிம்பில் அதை வாங்கிக்கொள்ளும் கைகள் இருக்கும். அந்தக் கைகள் சரியான இடத்தில் நிற்பதற்கு உள்ளிருந்து ஒரு சாரம் தாங்குகிறது. கட்டடத்துக்கு மூங்கில் சாரம் கட்டுவார்களே, அது மாதிரி புரதத்தால் ஆன சாரம். அது தானாக ஒரு சேதியும் பேசாது. பேசுகிறவர்களையும் கேட்கிறவர்களையும் கேட்டதை உள்ளே கொண்டுபோகிறவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்தப் புரதத்தைச் செய்கிற மரபணு எல்லோருக்கும் இரண்டு பிரதி. உன் மகளுக்கு ஒன்று பழுது. அதனால் பாதிச் சாரம். கைகள் நிற்க இடமில்லாமல் நழுவிப்போகின்றன, சேதி வந்து வெறும் தரையில் விழுகிறது.

நல்ல பிரதியை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்ய வைக்க ஒரு வழியைத்தான் மூன்று வருடமாகத் தேடினேன். போன மாதம் முதல் தடவையாக அந்தச் செல்களில் சாரம் எழும்பியது. கைகள் நின்றன. ஒரு செல் கூப்பிட்டதும் அடுத்தது மின்னியது, அதற்கு அடுத்தது மின்னியது. அதைக் காட்டத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ வாசலோடு திரும்பிப் போனாய்.

கல்லீரல் ஆராய்ச்சியில் எனக்கென்று ஒரு பெயர் இருந்தது. உன் மகளின் பரிசோதனை முடிவு வந்த வாரமே அதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத துறையில் போய் மாணவி மாதிரி உட்கார்ந்தேன். யாருக்காக? அழித்துவிடு என்று ஒரே வரியில் எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?

நீயும் எட்டு வருடமாக அவளிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறாய். அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் தட்டில் இருக்கும் கட்டெறும்பாவது கூப்பிட்டால் பதில் சொல்கிறது.

இந்த வரியை எழுதியிருக்கக் கூடாதுதான். ஆனாலும் அடிக்கப் போவதில்லை. நீயும் சுட்டாய், நானும் சுட்டுவிட்டேன்.

உன் அக்கா


மார்ச் 12, புதன்

அக்காவுக்கு,

அந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நம் வீட்டில் அவருக்கு வாய் இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும், உனக்கே தெரியும். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "உங்க அக்காவுக்கு நம்ம வீட்டுக்கு வர்ற வழி மறந்துபோயிருக்கும். மறுபடியும் எழுதி அனுப்பு" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

உன் தட்டில் இருப்பது பதில் சொல்கிறதாம். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்பார்கள், அதைச் சொந்த அக்காவே செய்வாள் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அவள் பதில் சொல்வதில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? ஒரு வருடத்துக்கு மேலாயிற்று நீ இந்த வீட்டு வாசலை மிதித்து. காரில் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வைப்பர் ஆடினால் கெக்கலித்துச் சிரிப்பாள். மழை இல்லாத நாளிலும் அவளுக்காகப் போட்டுவிடுவேன், வண்டி பழக வந்தவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கோபம் வந்தால் தன் கையையே கடித்துக்கொள்வாள். என் கழுத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுத்து இழுத்து மோப்பம் பிடிப்பாள். அது பேச்சா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உன் மைக்ராஸ்கோப்பில் தெரியாது என்பது மட்டும் தெரியும்.

இஸ்திரிப் பெட்டி விஷயம் ஞாபகம் இருக்கிறதா? நான் அடுத்த அறையில் இருந்தேன். சூடான பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தாள். வலிக்கிறது என்று அழத் தெரியவில்லை அவளுக்கு. வாடை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து உனக்குப் போன் செய்தேன். நீ கேட்ட முதல் கேள்வி, கை எப்படி இருக்கிறது என்பதல்ல. "அழவே இல்லையா? ஒரு துளிகூடவா?" என்று கேட்டாய். உன் குரலில் ஓர் ஆவல் இருந்தது, அக்கா. அன்றைக்கே உன்னோடு பேச்சை நிறுத்தியிருக்க வேண்டும். அக்காவாயிற்றே என்று முழுங்கிக்கொண்டேன்.

அவள் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டேன். "ஞாயித்துக்கிழமைடி, செல்லுக்குத் தீனி போடணும், ஒரு நாள் விட்டாலும் செத்துப்போகும்" என்றாய். இப்போது மட்டும் பூஞ்சை வந்தால் கொன்றுவிட்டு வேறு எடுத்துக்கொள்கிறாயே. அது செத்தால் உறைபெட்டியில் இன்னும் இருக்கிறது. இவளுக்கு எந்தப் பெட்டியில் இன்னொன்று வைத்திருக்கிறாய்? தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். உனக்கு அவள் தசையிலிருந்து எடுத்தது மட்டும்தான் ஆடுகிறது.

துறையை மாற்றிக்கொண்டேன் என்று சொல்லிக்காட்டுகிறாய். நான் கேட்டேனா? எனக்கு ஓர் ஆராய்ச்சியாளர் தேவைப்படவில்லை. வாரத்தில் ஒரு நாள் வந்து அவளை மடியில் வைத்துக்கொண்டால் நான் குளித்துவிட்டு வந்திருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக ஆய்வு நெறிக் குழுவுக்கு நேற்று எழுதி அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் பாக்கி. இதுவரை நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. நீ கண்டுபிடித்தது என் மகளுக்கு உதவுமா? சுற்றி வளைக்காதே. சாரம், கை, சேதி ஒன்றும் வேண்டாம். உதவும், உதவாது, இரண்டில் ஒன்று சொல்.

உன் தங்கை


மார்ச் 19, புதன்

தங்கைக்கு,

உதவாது என்று வைத்துக்கொள்.

நீ கேட்ட மாதிரியே சொல்லிவிட்டேன். இனி கொஞ்சம் சுற்றி வளைக்க விடு. தட்டில் நடப்பது தலைக்குள் நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எலியில் பார்க்க வேண்டும், பிறகு வேறு விலங்கில், பிறகு மனிதர்களில். எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் அது ஒரு மருந்தாகி வருவதற்குள் அவள் உன் வயதுக்கு வந்துவிடுவாள். கட்டடத்துச் சாரத்தை வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். மூளையில் இருக்கும் சாரத்தை யாரும் அவிழ்ப்பதில்லை. ஒவ்வொரு சேதி வரும்போதும் கொஞ்சம் கழன்று விழும், கொஞ்சம் புதிதாகக் கட்டிக்கொள்ளும், சாகிற வரைக்கும் அப்படித்தான். அதனால் வளர்ந்த மூளையிலும் ஏதாவது செய்ய முடியுமோ என்று ஒரு நப்பாசை எனக்கு உண்டு. அதை நம்பிக்கை என்று உன் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

குழுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். இந்த மாதக் கடைசிக்குள் அந்தச் செல் எல்லாவற்றையும், உறைபெட்டியில் இருப்பதையும் சேர்த்து, சாட்சி வைத்து அழிக்க வேண்டுமாம். அந்தம்மா நல்லவர். "உங்க தங்கச்சிதானே, ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்" என்றார். பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உனக்குத் தெரிய வேண்டும், நான் இதில் உன்னைக் கெஞ்சப் போவதில்லை. உன் மகள், உன் முடிவு. ஆனால் கோபம் இருக்கிறது. வண்டி வண்டியாக இருக்கிறது. கண்ணாடிப் பெண், அன்றைக்குச் சிரித்தாளே, அவள் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் அழுகிறாள். உன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்கிறாள். மூடிகளில் இருந்த பெயரையெல்லாம் அவளே துடைத்துவிட்டு எண் போட்டிருக்கிறாள்.

இஸ்திரிப் பெட்டி பற்றி நீ எழுதியது உண்மை. அந்தக் கேள்வி என் வாயிலிருந்துதான் வந்தது. அதற்குப் பிறகுதான் உன் வீட்டுக்கு வருவதை நிறுத்தினேன். நேரமில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தால், மற்ற பெரியம்மாக்களுக்கு மனம் வலிக்கும். எனக்கு மனதுக்குள் கணக்கு ஓடும். எந்தச் சந்தியில் சேதி விழுந்துபோனது, எவ்வளவு சாரம் இருந்தால் திரும்பியிருப்பாள் என்று. ஒரு குழந்தையை அப்படிப் பார்க்கிறவள் அந்தக் குழந்தையின் வீட்டுக்கு வரக் கூடாது என்று நினைத்தேன். தட்டைப் பார்ப்பது சுலபம். அது என்னைப் பார்க்காவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை.

மாதக் கடைசியில் மருந்தை நானே ஊற்றுகிறேன். வேறு யாரையும் விட மாட்டேன்.

உன் அக்கா


மார்ச் 31, திங்கள்

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உன் ஆய்வகத்துக்கே ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பினால் நீ மருந்தை ஊற்றிவிடுவாய். ஊற்றாதே. குழுவுக்கும் காலையில் போன் செய்து சொல்லிவிட்டேன்.

உடனே உன் முகம் மலர்ந்திருக்கும். மலர வேண்டாம், உன்மேல் இருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரி மாடியில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஒருவருக்கொருவர் அழுதுகொள்கிற கூட்டம்தான். புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை. தலை நிற்கவில்லை, துணி பொம்மை மாதிரி தோளில் சாய்ந்து கிடந்தது. போன வாரம்தான் பரிசோதனை முடிவு வந்ததாம். நம் மகளுக்கு இருக்கும் அதே பழுது. நான் ஒரு காலத்தில் பார்த்த மாதிரியே எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுக்கு யாராச்சும் ஆராய்ச்சி கீராய்ச்சி பண்றாங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

"பண்றாங்க."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"எங்க அக்காதான்" என்றேன்.

சொன்னவுடன் எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. அவள் பிடியில் இருந்துகொண்டே, இரண்டு நாளில் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லியிருக்கிறேனே என்று நினைத்தேன். என் மகளுக்கு உதவாது என்றால் யாருக்குமே உதவக் கூடாது என்று சொல்கிற அளவுக்கு நான் கெட்டவளில்லை. உன்மேல் இருக்கும் கோபத்தை அந்தத் துணி பொம்மைக் குழந்தைமேல் காட்ட முடியாது.

அதனால் செல் இருக்கட்டும். தட்டில் இருப்பது என் மகள் இல்லை. நீ முதலிலிருந்தே சொன்னதும் அதுதானே, இப்போது நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீயும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைத் தினமும் பார்க்கிறாய் என்பதற்காக இவளைப் பார்த்துவிட்டதாக ஆகாது.

வருகிற ஞாயிறு வா. மனதுக்குள் கணக்கு ஓடினால் ஓடட்டும், என் மனதுக்குள் மட்டும் என்ன பாட்டா ஓடுகிறது? கணக்குப் போட்டுக்கொண்டே மடியில் வைத்துக்கொள். மோப்பம் பிடிப்பாள், அசையாமல் இரு. இதை நான் ஒரு தடவைதான் கேட்பேன். நான் எவ்வளவு முசுடு என்று உனக்குத் தெரியும்.

உன் தங்கை


ஏப்ரல் 3, வியாழன்

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தபோது கையுறை போட்டிருந்தேன். புட்டி மேசைமேல் திறந்திருந்தது. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் முடியாது.

ஞாயிறு காலையிலேயே வருகிறேன். தீனி போடும் வேலையைக் கண்ணாடிப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டேன். "மேடம், நீங்க ஞாயித்துக்கிழமை வரமாட்டீங்களா? உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறாள், அந்த லட்சணத்தில் இருக்கிறது என் பிழைப்பு. வாசனை சோப்பு எதுவும் போடாமல் வருகிறேன், அவளுக்கு மூக்கு உறுத்தக் கூடாது. உன் வீட்டுக்காரரிடம் சொல், வழி எனக்கு மறக்கவில்லை. நீ நிதானமாகத் தலைக்குக் குளி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளி.

எத்தனையோ மாநாட்டில் ஆயிரம் பேர் முன்னால் பேசியிருக்கிறேன், பயந்ததில்லை. இதற்குப் பயமாக இருக்கிறது.

என்றும் உன் அக்கா


ஏப்ரல் 6, ஞாயிறு மாலை

அன்புத் தங்கைக்கு,

என்னைத் திட்டுவதற்கு முன் இதை முழுதும் படித்துவிடு.

செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்படி இறங்கிவிட்டேன். அப்போது கண்ணாடிப் பெண் அழைத்தாள். செல் வளர்க்கும் பெட்டிக்குப் போகிற வாயு தீர்ந்து அலாரம் அடிக்கிறது, மாற்று உருளையின் திருகு அசையவில்லை என்று அழுதாள். போகிற வழிதானே, திருகைத் திறந்துவிட்டு அப்படியே வந்துவிடலாம் என்று நினைத்தேன். போனால், பெட்டிக்குள் சூடும் இறங்கியிருந்தது. எல்லாத் தட்டையும் வேறு பெட்டிக்கு மாற்றி, தீனி மாற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பதற்குள் வெளியே இருட்டிவிட்டது. நீ பிழைக்கவிட்ட செல்லைத்தானே காப்பாற்றப் போனேன்? அந்தக் கைக்குழந்தைக்காகத்தானே? எல்லாம் பிழைத்துவிட்டது. நீயே சொல், நான் என்ன செய்திருக்க வேண்டும்?

உன் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். உன் வீட்டுக்காரர் நம்பர் என்னிடம் இருந்தது. அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று எனக்கு நாள் முழுக்கத் தோன்றவே இல்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு நிச்சயம் வருகிறேன். வானமே இடிந்து விழுந்தாலும் வருகிறேன். பதில் போடு. நாலு வசவாவது எழுதிப் போடு.

உன் அக்கா


ஏப்ரல் 12, சனி

அனுப்புநர்: செல் அளித்த குழந்தையின் தாய்

பெறுநர்: ஆய்வகத் தலைவர் அவர்கள்

பொருள்: செல்களைத் தொடர்ந்து பயன்படுத்த ஒப்புதல் அளிப்பது தொடர்பாக

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். என் மகளின் தோலிலிருந்து பெறப்பட்ட செல்களைத் தாங்கள் தங்கள் ஆய்வுக்குத் தொடர்ந்து பயன்படுத்திக்கொள்ள இதன் மூலம் முழு மனதோடு ஒப்புதல் அளிக்கிறேன். வேறு ஆய்வகங்களுக்கு அவற்றைக் கொடுத்து உதவுவதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்த ஒப்புதலை இனி எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறமாட்டேன். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் மற்ற தாய்மார்களிடமும் தங்கள் ஆய்வுக்கு உதவும்படி சொல்லி வருகிறேன்.

இனி என்னிடம் தெரிவிக்க வேண்டியது ஏதேனும் இருந்தால் ஆய்வு நெறிக் குழுவின் வழியாகத் தெரிவிக்க வேண்டுகிறேன். நேரில் வரத் தேவையில்லை.

குழந்தையின் நடத்தையில் மாற்றம் ஏதும் உண்டா என்று தங்கள் ஆய்வகம் அரையாண்டுக்கு ஒருமுறை கேட்பது வழக்கம். அதற்கான பதிலை இத்துடன் தருகிறேன்.

சென்ற ஞாயிறு காலை அவளுக்குத் தலை வாரும்போது, பெரியம்மா வருகிறார்கள் என்று சொன்னேன். எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே வாருவது என் பழக்கம், பதிலை எதிர்பார்த்துச் சொல்லவில்லை. வாரி முடித்ததும் எழுந்து போனாள். தேடிப் போனபோது வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை. அவள் தகப்பனார் தூக்கிவரப் போனார், அவர் கையைத் தட்டிவிட்டாள். தெருவில் யார் வந்தாலும் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். வெயில் ஏறி இறங்கும் வரை அங்கேயே நின்றாள்.

இதற்கு முன் அவள் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. நான் சொல்வது அவளுக்குள் போய்ச் சேர்கிறது என்பதற்கு இந்த எட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் சான்று இதுதான். தங்கள் ஆய்வுக்குப் பயன்படலாம் என்பதால் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழந்தையின் தாய்